எழுத்து தெரியாத ஆயாவும் பாடம் கேட்கலாம்

படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னால், வந்ததும் அவர் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." இல்லாவிட்டால், "எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும்."

முதல் வழியைச் சட்டமே அடைத்துவிட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. இரண்டாவது பேச்சுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் பிள்ளையின் படிப்புக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த அம்மா நம்புகிறார். ஆசிரியர்களிலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை அது சரியில்லை.

நான் வேலை பார்ப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். ஊரில் ஆண்கள் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பும். மீதிப் பேருக்கு நூறு நாள் வேலை, ஆடு, மாடு. பல பிள்ளைகள் ஆயா (பாட்டி) வீட்டில்தான் வளர்கிறார்கள். "பெற்றோரோடு இணைந்து செயல்படுங்கள்" என்று பயிற்சிகளில் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்த இடத்தில் பாதி நேரம் அறுபது வயது ஆயாதான் இருப்பார்.

அப்படி ஓர் ஆயாவின் பேரன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். பழம், மரம், படம் என்று கொம்பும் காலும் இல்லாத சொற்களைத் தடங்கலில்லாமல் படிப்பான். கொம்பு வந்தால் தடுமாற்றம் தொடங்கிவிடும். "கொடி" என்று எழுதியிருப்பதைக் "கெடி" என்பான். "தோடு" அவன் வாயில் "தேடு" ஆகும். எழுத்துக்கு முன்னால் இருக்கும் கொம்பைப் பார்க்கிறான், பின்னால் இருக்கும் காலைப் பார்ப்பதில்லை. ஒரே தவறு, எல்லா இடத்திலும். கவனக்குறைவாக இருந்தால் தவறு இப்படி ஒழுங்காக ஓரிடத்திலேயே வந்து நிற்காது.

ஆயாவிடம் பேசிய பிறகுதான் காரணம் தெரிந்தது. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் தை மாதம் பிறந்ததும் அவனைச் சூளைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வகுப்பில் கொம்பும் காலும் நடந்த மாதங்களில் இரண்டு வருடமும் அவன் ஊரிலேயே இல்லை. இந்த வருடம்தான் ஆயா, "எங்கிட்ட உட்டுட்டுப் போங்க" என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டிருக்கிறார். இதில் அவனுடைய மூளைக்கு என்ன சம்பந்தம்? ஆனால் ஊரில் அவனுக்கு அதற்குள் "படிப்பு ஏறாத புள்ள" என்று பெயர் வந்துவிட்டது.

அந்த ஆயாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் தமிழ் என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. அவர்கள் வீட்டில் இருக்கும் பொருள்களையே வைத்து ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். ஆயா தோடு போட்டாள். கோழி கொட்டகைக்குள் போனது. ஆடு கொடியைக் கடித்தது. இந்த மாதிரி. ஆயாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க அடுப்பு வேலய பாருங்க. அவன் பக்கத்துல உக்காந்து சத்தமா படிக்கட்டும். பேச்சு கோணலா கேட்டா, 'இன்னொரு தபா பாத்துப் படி'ன்னு மட்டும் சொல்லுங்க. திட்ட வேணாம், சரியான சொல்ல நீங்களே எடுத்துக் குடுக்கவும் வேணாம்."

பையன் "ஆயா தேடு போட்டாள்" என்று படித்திருக்கிறான். "தேடா? அது என்னாடா தேடு?" என்று ஆயா சிரித்திருக்கிறார். அவன் திரும்பவும் பார்த்திருக்கிறான். கால் இருந்தது. அவனே "தோடு" என்று திருத்திக்கொண்டான். மறுநாள் ஆயா பள்ளி வாசலில் நின்று இதை எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

படிப்பது காதுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்ப்பதும், பொருந்தாவிட்டால் திரும்பிப் போய்ப் பார்ப்பதும்தான் வாசிப்பில் பாதி. அதை ஓர் ஆயா அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டார். வகுப்பில் பல வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு மட்டும் தினமும் பதினைந்து நிமிடம் காது கொடுக்க என்னால் முடியாது. ஆயாவால் முடிந்தது. பள்ளி ஆண்டு முடிவதற்குள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இரண்டும் அவனுக்குப் பழகிவிட்டன. எழுதும்போது ல, ள, ழ குழப்பம் இன்னும் இருக்கிறது. அது ஆயாவிடம் விடும் வேலை இல்லை, என் வேலை.

கணக்கிலும் இப்படித்தான். முப்பத்து நான்கு என்று சொன்னால் 304 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. முப்பது என்றால் 30, நான்கு என்றால் 4, இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். வகுப்பில் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டுகிறேன். வீட்டில் அதற்குப் பணம் போதும். மூன்று பத்து ரூபாய், நான்கு ஒரு ரூபாய். மாலையில் இட்லி விற்கும் ஓர் அம்மாவிடம், வசூலான காசை அன்றாடம் மகளையே பத்துப் பத்தாக அடுக்கி எண்ணச் சொன்னேன். அவர் ஏற்கெனவே அப்படித்தான் எண்ணுகிறார், பிள்ளை கையில் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். கடன் வாங்கிக் கழித்தலில் பத்தை உடைப்பது என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து ரூபாய்க்குச் சில்லறை மாற்றுவதுதானே என்றாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மற்றப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தோழிகள், "எங்க ஊர்ல பேரன்ட்ஸ் வரவே மாட்டாங்க" என்பார்கள். வருவதற்கு என்ன செலவாகிறது என்று பார்க்க வேண்டும். நூறு நாள் வேலையில் காலையில் வருகைக்காகப் போட்டோ எடுக்கும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு. காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு அக்கறையில்லாத பெற்றோர் என்று சொல்வது நியாயமே இல்லை. எங்கள் ஊரில் சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அம்மாக்கள் நின்று பேசுகிற ஒரு கால் மணி நேரம் உண்டு. எனக்கு அது போதும். தனியாகப் பேச வேண்டியவர்களிடம் வீட்டுக்கே போய்விடுகிறேன்.

வீட்டுக்குப் போவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்த் தெரு, காலனி இரண்டுக்கும் ஒரே மாதிரி போக வேண்டும். போனால் உட்கார வேண்டும், தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். காலனிப் பக்கம் டீச்சர் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கப்புறம் நாம் என்ன திட்டம் சொன்னாலும் அந்த வீட்டில் நம் பேச்சு ஏறாது.

பேசும்போது நான் விடாமல் வைத்திருக்கும் ஒரு பழக்கம், பிள்ளைக்கு என்ன வரும் என்பதில் தொடங்குவது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனால் படிக்க முடிந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல்வேன். அது நான்கே சொல்லாக இருந்தாலும் சரி. அப்புறம் கேள்விதான். வீட்டில் எதை நன்றாகச் செய்வான்? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? யாரிடம் அதிகம் பேசுவான்? எப்போதிலிருந்து பள்ளிக்கூடம் என்றால் வயிற்றை வலிக்கிறது என்கிறான்? பதிலைக் கேட்ட பிறகுதான் என் பக்கத்தைச் சொல்வேன். கடைசியில் ஒரே ஒரு வேலை கொடுப்பேன். இரண்டு கொடுத்தால் இரண்டும் நடக்காது. "வீட்ல படிக்க வைங்க" என்பதை எந்த அம்மா எப்படிச் செய்வார்? "சோறு வடிக்கும்போது அஞ்சு வரி படிக்கக் கேளுங்க" என்றால் அன்றைக்கே செய்துவிடுவார்.

இப்படிக் கேள்வி கேட்டதில்தான் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் விஷயம் வெளியே வந்தது. கரும்பலகையில் எழுதியதை எழுதாமல் எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். அம்மாவிடம் டிவி எப்படிப் பார்ப்பாள் என்று கேட்டேன். "டிவி மேல மூஞ்ச ஒட்ட வச்சிக்கினுதான் பாப்பா, எத்தினி தபா சொன்னாலும் கேக்க மாட்டா" என்றார். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னோம். பார்த்தார்கள், பவர் இருந்தது, கண்ணாடியும் இலவசமாகவே வந்தது.

கண்ணாடி வந்ததோடு முடியவில்லை. அது பைக்குள்ளேயே கிடந்தது. "பொட்டப் புள்ள, இந்த வயசுல கண்ணாடி போட்டா நாளைக்கி எவன் கட்டுவான்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நான் போய் அறிவியல் பேசினால் எடுபடாது. பள்ளியில் காலை உணவு சமைக்கும் அக்கா மகளிர் குழுவைச் சேர்ந்தவர், அவர் பிள்ளையும் எங்களிடம்தான் படிக்கிறான். அவர் அந்த வீட்டுக்குப் போய், பள்ளியில் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது அந்தப் பெண் கரும்பலகையை எப்படிப் படித்தாள் என்று தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அதே தெருவில் இருக்கும் ஒருவர் சொல்லும்போது அதற்கு ஒரு எடை இருக்கிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதனால் பசி ஆறியது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குக் கிடைத்த இன்னொரு லாபம், காலையில் முதல் ஆளாகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் ஓர் அம்மா பள்ளிக்குள்ளேயே இருக்கிறார். "இவன் நேத்து ராத்திரி தூங்கல டீச்சர், வீட்ல சண்ட" என்று அவர் சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளையை நான் பலகைக்குக் கூப்பிட மாட்டேன்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும் இப்படித்தான் உதவினார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். அதே தெருப் பெண் ஒருவர் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கொரோனாவுக்காக மூடிய பள்ளி தொடக்க வகுப்புகளுக்குத் திறந்ததே அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதிதான். இரண்டாம் வகுப்பில் பெயர் இருந்த பிள்ளைகள் வகுப்பறைக்குள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. யார் வீட்டில் போன் இருக்கிறது, யார் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்பதெல்லாம் எங்களுக்கு அந்தப் பெண் மூலமாகத்தான் தெரிந்தது.

அடுத்த ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கும் முறை. எனக்குப் பிடித்த முறை. ஆனால் வீட்டுக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. "மூணாவது படிக்கிறவனுக்கு ஒண்ணாவது பாடமா? என்னா டீச்சர் எங்க புள்ளய கீழ எறக்கிட்டீங்க?" என்று ஓர் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கோபம் நியாயமான கோபம்தான். எட்டாவது வரை ஆல் பாஸ் என்பதால் பிள்ளை வருடா வருடம் மேலே போவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அவரை உட்கார வைத்து மகனை மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி படிக்கச் சொன்னேன், பிறகு அரும்பு நிலைப் பக்கம் ஒன்று. இரண்டாவதை அவன் சரளமாகப் படித்தான். இங்கிருந்து அங்கே போக என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொன்னேன். சத்தம் அடங்கியது. அவர் பெங்களூரில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். ராத்திரி வீடியோ காலில் பையன் ஒரு பக்கம் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். விட்டுப் போன நாள்களும் உண்டு. ஆனால் அப்பா ஊருக்கு வந்தால் இப்போது நேராகப் பள்ளிக்கு வருகிறார்.

பள்ளி மேலாண்மைக் குழு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர், பள்ளிக்கு முன்னால் வேகத்தடை என்றால் குழுவைப் போல வேலை நடத்த யாராலும் முடியாது. சூளைக்குக் கிளம்பும் குடும்பங்களிடம் "புள்ளய ஆயா வீட்ல உட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று பேசியதும் குழுவில் இருந்த அம்மாக்கள்தான். ஆனால் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி அவன் படிப்பைப் பற்றிக் கூட்டத்தில் பேசக் கூடாது. வாட்ஸ்அப் குழுவிலும் கூடாது. அவமானப்பட்ட அம்மா அடுத்த முறை வர மாட்டார், வீட்டில் அடி விழுவதும் பிள்ளைக்குத்தான். வாட்ஸ்அப்பில் நான் பொதுவான செய்திகளை மட்டும் போடுவேன், அதையும் வாய்ஸாகப் போடுவேன். எழுத்தில் போட்டால் பாதிப் பேருக்கு அதை அந்தப் பிள்ளையேதான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சூளைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போயே தீர வேண்டிய வீடுகள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போகும் முன் ஒரு சீட்டில் பிள்ளையின் எமிஸ் எண் (கல்வித் துறைப் பதிவில் அவனுக்கு உள்ள எண்), எங்கள் பள்ளியின் பெயர், என் போன் நம்பர், அவன் எந்த எழுத்து வரை படிப்பான் என்று நான்கு வரி, இவற்றை எழுதி அம்மாவிடம் கொடுக்கிறேன். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று காரணம் காட்டிப் பக்கத்து அரசுப் பள்ளி சேர்க்க மறுக்க முடியாது என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். அதுவும் கல்வி உரிமைச் சட்டத்தில் இருப்பதுதான்.

எல்லாவற்றுக்கும் வீட்டுப் பாசமும் பயிற்சியும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எதைக் கேட்டாலும் கோர்வையாகப் பதில் சொல்வான், ஒரு தடவை சொன்ன கதையைத் திருப்பிச் சொல்வான், ஆனால் எழுத்து மட்டும் கையில் நிற்காது. அம்மா பத்தாவது படித்தவர், தினமும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர். எத்தனை சொல்லிக் கொடுத்தும் தேறவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரை வட்டார வள மையத்திலிருந்து வரவழைத்தோம். அம்மாவுக்குப் பயம். "எம் புள்ள மேல முத்திரை குத்தப் போறீங்களா?" என்று அழுதார்.

கற்றல் குறைபாடு என்பது அறிவுக் குறைவு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. முறையாக மதிப்பீடு செய்து சான்று வாங்கினால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேட்க முடியும். இவ்வளவையும் சிறப்பாசிரியர் பொறுமையாகச் சொன்னார். ஆனால் அந்த அம்மாவை மதிப்பீட்டு முகாமுக்குக் கிளப்பியது இது எதுவும் இல்லை. பேச்சுக்கு நடுவில் அவர், "அப்ப இவன் வேணும்னு பண்ணல?" என்று கேட்டார். இல்லம்மா என்றோம். இத்தனை வருடம் அவனை அடித்ததை நினைத்து அவர் அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது. அடுத்த வாரமே முகாமுக்குக் கூட்டிப் போனார்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் அதிகம், பாடத்துக்கு ஓர் ஆசிரியர். நாங்களும் வீடும் சேர்ந்து தெரிந்துகொண்டதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தில் விவரம் எழுதி, அதன் ஒரு பிரதியைத் தலைமையாசிரியர் மூலம் அனுப்புகிறோம், இன்னொன்றை வீட்டில் கொடுத்துப் படித்தும் காட்டுகிறோம். என்ன வரும், எங்கே தடுமாறுவான், என்ன செய்தால் கேட்பான். கண்ணாடி என்றால் முன் வரிசை.

அந்தப் பையனின் அம்மா பள்ளி திறந்த முதல் வாரமே அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் வகுப்பாசிரியரைப் பார்த்திருக்கிறார். "சார், இவன் வாயால கேளுங்க, எல்லாம் சொல்லுவான். எழுத மட்டும் கொஞ்சம் நேரம் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த சாரும் போன் செய்து என்னிடம் விவரம் கேட்டார். இப்போது வகுப்பில் அவனை வாய்மொழியாகவும் கேட்கிறாராம்.